வீட்டுத் தோட்டத்துக்கு மேல் மண்: பார்த்து, அளந்து, பேசி வாங்குவோம்

வீட்டுத் தோட்டம் எமது நாட்டுக்குப் புதிய விடயமல்ல. எமது உம்மாமார் கிணற்றடியில் கறிவேப்பிலையும் பின்வளவில் கொச்சியும் வைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். ஆயினும் 2022 இல் வந்த நெருக்கடி, கடையிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கிப் பழகிய நகரத்துக் குடும்பங்களையும் மண்வெட்டி தூக்க வைத்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், ஜூன் மாதத்தில், வீட்டிலே பயிர் செய்யட்டும் என்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது.

அன்று தோட்டம் தொடங்கிய பலர் இன்றும் தொடர்கிறார்கள். இடையில் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், “ஒன்றும் முளைக்கவில்லை, மண் கல்லாகிவிட்டது” என்பதே பெரும்பாலானோரின் பதில். விதையில் குறை இல்லை, தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய மண்ணில்தான் பிழை. ஆகவே மேல் மண் வாங்கும் கொடுக்கல் வாங்கலை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். சீனியும் பருப்பும் வாங்கும்போது தராசைப் பார்க்கும் நாம், லொறிக் கணக்கில் மண் வாங்கும்போது மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறோம்.

மேல் மண் என்பது எது?

நிலத்தின் மேற்பரப்பில் ஆறு முதல் எட்டு அங்குலம் வரையுள்ள படைதான் மேல் மண். உக்கிய இலை, வேர், மண்புழு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பயிருக்கு உணவு கிடைப்பதும் அங்கிருந்துதான். ஓர் அங்குல மேல் மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் செல்லும். அதற்குக் கீழே இருப்பது அடி மண். அதில் உக்கல் இல்லை, காற்றோட்டமும் குறைவு. வீட்டுக்கு அத்திவாரம் நிரப்ப அது நல்லது. தக்காளி வைக்க உதவாது.

சந்தையில் இந்த இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதுதான் பிரச்சினை. மேட்டு நிலத்தை வெட்டி வீடு கட்டும்போது கிடைக்கும் சிவப்பு மண்ணும் “தோட்ட மண்” என்று வருகிறது. தெஹிவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் பின்வளவுக்கு மூன்று கியூப் கேட்டிருந்தார். வந்து இறங்கியது கபுக்கல் வெட்டிய இடத்து மண். பார்க்க அழகான சிவப்பு. இரண்டு மழைக்குப் பிறகு காய்ந்து, அலவாங்கு போட்டுத்தான் குழி தோண்ட வேண்டியிருந்தது. அதை அப்புறப்படுத்த இன்னொரு லொறிக்கும் பணம் கொடுத்தார்.

நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் கூடாது. புத்தளம், யாழ்ப்பாணப் பகுதிகளின் சிவப்பு மண்ணில் நன்றாகவே பயிர் விளைகிறது. அந்தச் சிவப்பு இரும்பினால் வருவது. அதேபோல் கறுப்பாக இருப்பதெல்லாம் வளமான மண்ணும் அல்ல. சதுப்பு நிலத்துச் சேறும் கறுப்பாகத்தான் இருக்கும். அதில் சில வகை, நீர் வற்றிக் காற்றுப் பட்டதும் கடும் அமிலமாக மாறிச் செடியைக் கருக்கிவிடும்.

எவ்வளவு தேவை?

விலை பேசுவதற்கு முன்னர் தேவையைக் கணக்கிட வேண்டும். எமது நாட்டில் மண், மணல் வியாபாரத்தின் அளவு கியூப். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. பாத்தியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் வகுத்தால் கியூப் கணக்கு வந்துவிடும்.

10 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழமுள்ள ஒரு பாத்திக்கு 40 கன அடி தேவை. இப்படி மூன்று பாத்திக்கு 120 கன அடி. புதிதாகப் போட்ட மண் நீர் பட்டு அமரும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கியூப். ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி. அதில் நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்ப 90 கன அடி, அதாவது ஒரு கியூபுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். சட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கு இதைவிடக் குறைவு. ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள சட்டிகள் 100 க்கு மேல் ஒரு கியூபில் நிரம்பும். மாடி வீட்டில் இருபது சட்டி வைப்பவர் டிப்பரைக் கூப்பிடத் தேவையே இல்லை. நாற்று விற்கும் இடத்தில் மூட்டையாக வாங்கினால் போதும்.

ஈரப்பதமான ஒரு கியூப் மண்ணின் நிறை மூன்றரை முதல் நான்கு தொன் வரை வரும். விலையில் பெரிய பங்கு மண்ணுக்கல்ல, அதைச் சுமந்து வரும் லொறிக்கே போகிறது. ஆகவே விலை கேட்கும்போது மண்ணுக்கு எவ்வளவு, ஏற்றுக்கூலி எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பக்கத்து ஊரில் கிடைக்கும் நடுத்தர மண்ணுக்குக் கூட்டெரு கலந்து கொள்வது, தூரத்திலிருந்து முதல்தர மண் கொண்டுவருவதைவிடப் பல வேளைகளில் இலாபமானது.

ஏற்றும் முன்னர் பாருங்கள்

மண்ணை அது இருக்கும் இடத்தில் பார்ப்பதே சிறந்தது. போக முடியாவிட்டால் ஒரு பை மாதிரி மண் கேளுங்கள். குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் உள்ளே இருந்தும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எமது வாசகர்கள் அறிந்ததே. மண் குவியலுக்கும் அதே முறைதான்.

மாதிரி கைக்கு வந்ததும் செலவில்லாத நான்கு பரீட்சைகள் செய்யலாம்.

முதலாவது, கைப் பரீட்சை. சிறிது ஈரமாக்கி உருண்டை பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையே வராவிட்டால் மணல் கூடுதல். களிமண் பொம்மை போல நீட்டி வளைக்க முடிந்தால் களி கூடுதல், காய்ந்ததும் இறுகிவிடும்.

இரண்டாவது, மூக்கு. நல்ல மேல் மண்ணில் முதல் மழை வாசம் இருக்கும். அழுகிய முட்டை வாடையோ புளித்த வாடையோ வந்தால் அது சேற்று நிலத்து மண். எண்ணெய் வாடை வந்தால் வேலைத்தலத்துக் கழிவு கலந்த மண். இரண்டையும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, போத்தல் பரீட்சை. கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சலவைத் தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். அதன் மேல் வண்டல் சில மணித்தியாலத்தில் படியும். களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ செல்லும். உக்கல் மேலே மிதக்கும். மூன்று படையும் தெரிந்து, மேலே கொஞ்சம் உக்கலும் மிதந்தால் அது பயிருக்கு ஏற்ற மண். மிதப்பது ஒன்றுமே இல்லாவிட்டால் அடி மண் என்று சந்தேகிக்கலாம்.

நான்காவது, பயறு. பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் துளையிட்டு அந்த மண்ணை நிரப்பிப் பத்துப் பயறு போடுங்கள். நான்கு நாளில் எட்டாவது முளைக்க வேண்டும். அத்துடன் நின்றுவிடாமல் பத்து நாள் வரை பாருங்கள். முளைத்தபின் இலை கருகினாலும் சுருண்டாலும் அந்த மண்ணில் உப்போ களைநாசினியோ இருக்கக்கூடும். கரையோர ஊர்களில் உள்ளவர்கள் இந்தப் பரீட்சையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இவற்றோடு மண்ணைக் கிளறிப் பாருங்கள். கண்ணாடி, ஆணி, உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டு கிடந்தால் அது வீடு உடைத்த இடத்து மண். பிள்ளைகள் கைவைக்கும் தோட்டத்துக்கு ஆகாது. கோரைக் கிழங்கு, இலுக் புல்லின் வெள்ளை வேர் இருந்தாலும் விலகிக்கொள்ளுங்கள். ஒரு முறை வந்தால் வருடக்கணக்கில் போகாது. முன்னர் என்ன பயிர் செய்த நிலம் என்றும் விசாரியுங்கள். தக்காளி, கத்தரி வாடல் நோயில் அழிந்த நிலத்து மண்ணோடு நோயும் சேர்ந்தே வரும்.

பெரிய அளவில் செய்பவர்கள் பேராதனை கன்னொறுவையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிறுவனத்தில் மண் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆலோசனை கேட்க அத்திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மரக்கறிகளுக்குப் பொதுவாக மண்ணின் பீ.எச். பெறுமானம் 5.5 முதல் 7 வரை இருக்க வேண்டும். மழை அதிகமான ஈரவலய மண் அமிலம் கூடியது என்பதால், நடுகைக்கு இரண்டு வாரத்துக்கு முன் டொலமைற்று இடும் வழக்கம் உண்டு. பரிசோதித்த பின் இடுவதே சரி.

டிப்பரை அளந்து பேசுங்கள்

மண் வியாபாரத்தில் தகராறு வருவது பெரும்பாலும் அளவில்தான். “இது மூணு கியூப் டிப்பர் ஹாஜியார்” என்று சாரதி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. பெட்டி விளிம்பு வரை நிரம்பினால் மூன்று கியூப் என்பதே அவர் கணக்கு. அன்று எவ்வளவு ஏற்றப்பட்டது என்பது வேறு. அளவு நாடாவை எடுத்து, பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், மண் இரண்டரை அடி உயரம் என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரைக் கியூப். இதற்கு இரண்டு கியூபின் பணம் கொடுத்தால் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்கு நட்டம்.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். தளர்வாக ஏற்றிய மண் பாதையில் குலுங்கி அமர்ந்து உயரம் குறையும். ஆகவே ஏற்றும் இடத்தில் அளப்பதா, இறக்கும் இடத்தில் அளப்பதா, குவித்தா, மட்டம் தட்டியா என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டால் வாசலில் சத்தம் போட வேண்டி வராது.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். “மேல் மண், கல்லும் கிரவலும் இன்றி, இரண்டு கியூப், மட்டமாக, மாதிரியைப் போன்றது, போக்குவரத்து உட்பட இவ்வளவு ரூபா” என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி போதும். முற்பணம் சிறிதாகவும் மீதி மண்ணைப் பார்த்த பின்னரும் என்று வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. மாதிரிப் பையை வீசிவிடாமல் வாசலில் வைத்திருந்து, லொறியில் வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிப்பர் பெட்டியை உயர்த்தும் முன்னர் பார்க்க வேண்டும். இறக்கிய மண்ணைத் திருப்பி ஏற்றச் சொல்வது யாருக்கும் இலேசான காரியமல்ல.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கம் அதற்கானது. ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாமல் செய்யும் முறைப்பாடு எடுபடுவது கடினம்.

இறக்கும் நாள்

மழை நாளில் மண் எடுக்க வேண்டாம். நீரின் நிறைக்கும் கூலி கொடுக்க நேரிடும், ஈர மண்ணை மிதித்தால் இறுகியும் விடும். மேற்கு, தெற்குப் பகுதிகளில் பெப்ரவரி, மார்ச் மாதங்களும், கிழக்கில் பெரும்போகத்துக்கு முன்னரான ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களும் வசதியானவை.

ஒழுங்கையின் அகலத்தை முதலில் அளந்து சாரதியிடம் சொல்லுங்கள். பெட்டியை உயர்த்தும்போது மின்கம்பியில் முட்டாத இடமாகப் பார்க்க வேண்டும். இதில் உயிர் ஆபத்து உண்டு. மலசலகூடக் குழியின் மூடிக்கு மேல் லொறியை ஏற்றவே கூடாது. மண்ணைப் பாதையில் கொட்ட வேண்டியிருந்தால் வடிகானுக்குள் போகாதவாறு படங்கு விரித்து, அன்றே உள்ளே எடுக்க இரண்டு பேரை ஒழுங்குசெய்து வையுங்கள். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் பாதையை மறித்து மண் கொட்டி அயலவரின் கோபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

பரப்புவதற்கு முன் கீழே உள்ள பழைய நிலத்தையும் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். இறுகிய தரையின் மேல் புது மண் போட்டால் நீர் இடையில் தேங்கி வேர் அழுகும். வீட்டுச் சுவரோடு மண்ணை உயர்த்தினால் ஈரமும் கறையானும் உள்ளே வரும். மா, பலா மரங்களின் அடியை மூடுவதும் மரத்துக்கு ஆகாது.

எங்கிருந்து வந்த மண்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. விற்பனைக்காக மண் அகழ்வதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருட்கள் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. வயல் நிலத்திலிருந்து மண் எடுப்பதை 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாத மண்ணை ஏற்றிய லொறி பாதையில் பிடிபட்டால் உங்கள் முற்பணமும் அதோடு நின்றுவிடும்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு விடயம் இருக்கிறது. மலைச் சரிவின் அடியை வெட்டி மண் எடுத்தால், மேலே இருப்பது பிடிமானத்தை இழக்கிறது. மண்சரிவு என்றால் என்னவென்பதை 2014 இல் மீரியபெத்தையிலும் 2016 இல் அரநாயக்கவிலும் நாடு கண்டது. மாவனல்லை, அக்குறணை, கம்பளை மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எமது தோட்டத்தில் நாலு கத்தரி காய்ப்பதற்காக இன்னொருவரின் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேடு வெட்டப்படக் கூடாது. எங்கே எடுத்தது என்று கேட்டால் நேர்மையான வியாபாரி இடத்தைச் சொல்வார்; பேச்சை மாற்றுபவரிடம் வாங்காமல் விடுங்கள்.

குறைவாக வாங்கி, மீதியை ஆக்கிக்கொள்ளுங்கள்

வீடு கட்டவிருப்பவர்களுக்கு ஒரு விடயம். அத்திவாரம் வெட்டும் முன்னர் வளவின் மேல் ஆறு அங்குல மண்ணை வழித்து ஒரு மூலையில் குவித்து மூடி வைக்கும்படி பாஸிடம் சொல்லுங்கள். வழமையில் அது அடி மண்ணோடு கலந்து புதைந்து போகிறது, அல்லது வெளியே ஏற்றிச் செல்லப்படுகிறது. வீடு முடிந்தபின் அதே போன்ற மண்ணை நாம் விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

மற்றவர்கள் தேவையில் பாதியை மண்ணாகவும் பாதியைக் கூட்டெருவாகவும் வாங்கலாம். சட்டிகளுக்கு மேல் மண்ணும் கூட்டெருவும் சம பங்கு என்பது எளிய கணக்கு. பல உள்ளூராட்சி மன்றங்கள் குப்பையிலிருந்து கூட்டெரு தயாரித்து விற்கின்றன. கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டு இல்லாததாகவும், கையில் எடுத்தால் சூடில்லாததாகவும் பார்த்து வாங்குங்கள். சூடு இருந்தால் இன்னும் உக்கி முடியவில்லை. காத்தான்குடி, கல்முனை, கற்பிட்டி போன்ற மணல் பூமியில் களி மண்ணை ஏற்றி வருவதைவிடக் கூட்டெருவும் தும்புத்தூளும் சேர்ப்பதே பயன் தரும். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று முறை நீரில் அலசிய பின் பாவியுங்கள். ஒவ்வொரு போகத்திலும் சமையலறைக் கழிவையும் உதிர்ந்த இலையையும் உக்கவைத்து இட்டுவந்தால், அடுத்த முறை லொறியைக் கூப்பிடும் தேவை குறையும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை

டிப்பர் வைத்திருக்கும், கட்டிடப் பொருள் கடை நடத்தும் எமது சகோதரர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். நிரப்பு மண்ணையும் மேல் மண்ணையும் ஒரே குவியலில் விற்பதால் இன்று ஒரு கியூபில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். அடுத்த வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார். மண்ணை அரித்து, கல் நீக்கி, கூட்டெரு கலந்து, மூட்டையில் அளவைக் குறிப்பிட்டு விற்றால், சட்டியில் பயிர் செய்யும் நகரத்துக் குடும்பங்கள் தேடி வந்து வாங்குவார்கள். பெட்டியின் உள்ளளவைக் கன அடியில் கதவிலே எழுதிவைக்கும் டிப்பர்காரருக்கு வாசலில் தகராறே வராது. சிறிய முதலில் தொடங்கக்கூடிய தொழில் இது. தொழில் தேடும் இளைஞர்கள் நாற்றையும் மண்ணையும் கூட்டெருவையும் சேர்த்து ஊரிலேயே விற்கும் வழியை யோசித்துப் பார்க்கலாம்.

வாங்குபவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அளவு நாடாவோடு வளவுக்குள் இறங்கி உங்கள் பாத்திகளை அளந்து, எத்தனை கன அடி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள்.